குட்டி நாயும் பச்சைக் காயும்

சென்ற வாரக் கடிதக் கட்டில் மயிலாப்பூர்ச் சகோதரி ஒருவர் எழுதிய நாலு பக்கக் கடிதம் இருந்தது. முதல் இரண்டு பக்கம் சிரிப்பை வரவழைத்தது. பிற்பாதி கவலையை உண்டாக்கிற்று.

அவருடைய கணவருக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவர்கள் வீட்டில் காலை இட்லியோடு பச்சைக் காய்கறிக் கிண்ணம் ஒன்றும் மேஜைக்கு வருகிறதாம். காரட், முட்டைக்கோஸ், பீட்ரூட், வெள்ளரிக்காய் எல்லாம் நறுக்கியும் துருவியும் வெகு அலங்காரமாக. "மனிதருக்கு இவ்வளவு நல்லதென்றால் வாயில்லாப் பிராணிக்கு மட்டும் ஆகாதா?" என்று சகோதரிக்கு ஒரு தயாள எண்ணம். வீட்டிலுள்ள பொமரேனியன் நாய்க்கும் அதில் ஒரு பங்கு வைக்கத் தொடங்கினார். நாய்க்கு நாலு வயது. எடை 3 கிலோ. இரண்டு நாள் அது வாலை ஆட்டிக்கொண்டு தின்றது. மூன்றாம் நாள் வயிறு உப்பி, உள்ளே கடமுடவென்று சத்தம் கேட்டு, கூடத்துக் கம்பளத்தின் நட்டநடுவில் கழிந்துவிட்டது. காரட் துண்டுகள் தின்றது தின்றபடியே வெளியே வந்திருந்தன. கொஞ்சம் சிவப்பாகவும் இருந்ததாம். "பீட்ரூட்தானே!" என்று இவரே சமாதானமும் செய்துகொண்டிருக்கிறார்.

இப்போது அந்த வீட்டில் மூன்று கட்சி. "நாய் மாமிச பட்சிணி, அதற்குக் காய்கறியே கூடாது" என்பது கணவர் கட்சி. "இரண்டு நாள் பட்டினி போடு, எல்லாம் சரியாகிவிடும். லங்கணம் பரமௌஷதம்!" என்பது மாமியார் கட்சி. "பச்சைக் காயில்தான் வைட்டமின் இருக்கிறது, பழகினால் ஒத்துக்கொள்ளும்" என்பது நமது சகோதரியின் கட்சி. மூவரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறார். கடைசிப் பக்கத்தின் அடியில், அவருடைய தங்கை வீட்டுக்கு அடுத்த மாதம் இரண்டு மாதக் குட்டி ஒன்று வரப்போவதாகவும், அதற்கும் ஆரம்பத்திலிருந்தே பச்சைக் காய் பழக்கிவிடலாமா என்றும் ஒரு வரி. எனக்குக் கவலை தந்தது அந்த ஒரு வரிதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நடுத்தரக் காரட் ஒன்று சுமார் 75 கிராம் இருக்கும். 3 கிலோ நாய்க்கு அந்த ஒரு காரட்டை முழுசாகக் கொடுப்பதும், 60 கிலோ எடையுள்ள அம்மாள் ஒருத்தி ஒரே வேளையில் ஒன்றரைக் கிலோ பச்சைக் காரட்டைத் தின்பதும் ஒன்றுதான். தின்றால் நமக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்! பெரிய நாய்க்கு 'ஒரு துண்டு' என்று நாம் கிள்ளிப் போடுவது, குட்டி நாய்க்கு ஒரு விருந்தாகிவிடுகிறது. 30 கிலோ லாப்ரடாரும் 3 கிலோ பொமரேனியனும் நாம் 'நாய்' என்று கூப்பிடுவதால் ஒன்றாகிவிடுமா? சின்ன நாய் வைத்திருப்பவர்கள் எதைக் கொடுப்பதானாலும், மருந்தானாலும் சரி, மாம்பழமானாலும் சரி, முதலில் இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.

அடுத்தது வாய். நம் கடைவாய்ப் பற்கள் ஆட்டுக்கல் மாதிரி. போட்டதைக் குழைத்து அரைத்து அனுப்புகின்றன. நாயின் கடைவாயோ அரிவாள்மணை. நறுக்கத் தெரியும், அரைக்கத் தெரியாது. இரண்டு கடி கடித்து விழுங்கிவிடும். நம் எச்சிலில் மாவுப் பண்டத்தைக் கரைக்கிற சரக்கு ஒன்று இருக்கிறது. நாயின் எச்சிலில் அது இல்லையென்றே சொல்லலாம். ஆகவே துண்டாகப் போன காரட், துண்டாகவே இரைப்பைக்குப் போய்ச் சேருகிறது.

அங்கே போன பிறகு என்ன? காய்கறியின் சத்தெல்லாம் நார்ச்சுவர் கட்டிய சின்னஞ்சிறு அறைகளுக்குள் இருக்கிறது. அந்தச் சுவருக்குச் செல்லுலோஸ் என்று பெயர். அதை இடிக்கும் சக்தி நமக்கும் கிடையாது, நாய்க்கும் கிடையாது. சொல்லப்போனால் மாட்டுக்கே சொந்தமாகக் கிடையாது. மாட்டின் வயிற்றில் குடியிருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள்தான் அதற்காக அந்த வேலையைச் செய்கின்றன. அதற்கென்று ஒரு பெரிய அறையும், அசைபோட ஒரு சாவகாசமான மத்தியானமும் மாட்டுக்கு வாய்த்திருக்கின்றன. நாய்க்கு இரண்டும் இல்லை. அதன் பெருங்குடல் மிகவும் குட்டை. அங்கே உள்ள நுண்ணுயிர்கள் வந்த பச்சைக் காயில் கொஞ்சத்தைப் புளிக்க வைக்கும், வாயு உண்டாகும், மிச்ச நார் தண்ணீரை இழுத்துக்கொண்டு வெளியேறும். மயிலாப்பூர்க் கம்பளத்தில் நடந்தது இவ்வளவுதான். அடுப்பில் வேகவைப்பது என்பது மாட்டு வயிற்றின் வேலையில் பாதியை நாமே செய்து கொடுப்பது. சுவர் இளகிவிடுகிறது, மசித்துவிட்டால் உள்ளே இருப்பது நாய்க்கும் கிடைக்கிறது.

இந்த இடத்தில் கணவர் கட்சியையும் கவனித்துவிடுவோம். நாய் ஓநாயின் வமிசம் என்பது வாஸ்தவம். ஆனால் அது நம் வாசலில் பல்லாயிரம் வருஷம் காத்துக் கிடந்து, நாம் போட்டதைத் தின்று தின்று உள்ளேயே மாறிப்போயிருக்கிறது. 2013-ல் ஸ்வீடன் நாட்டு உப்சாலா சர்வகலாசாலையின் விஞ்ஞானிகள் நாயின் மரபணுக்களையும் ஓநாயின் மரபணுக்களையும் ஒப்பிட்டார்கள். கணையத்தில் மாவுப் பண்டத்தைக் கரைக்கும் சரக்கைச் சுரக்க வைக்கிற மரபணு ஒன்று உண்டு. ஓநாய்க்கு அது 2 பிரதிதான். நாய்களுக்கோ 4 முதல் 30 வரை இருந்ததாம்! அதனால்தான் நம் வீட்டு நாய் குழைந்த சாதத்தை ஜீரணித்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறது. அதற்காகச் சாதம் மட்டும் போட்டு வளர்க்கலாம் என்று அர்த்தமில்லை. தசைக்கு வேண்டிய புரதம் அதற்கு வேண்டும். தயிர் சாதத்திலேயே காலம் தள்ளும் நாய்கள் அநேகம் நம் ஊரில் உண்டு; பார்க்கப் பாவமாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஒன்று கவனியுங்கள்: நாய் பழகிக்கொண்டது நம் சமையலுக்கு, பச்சைக் காய்கறிக் கிண்ணத்துக்கு அல்ல.

"வைட்டமின் போய்விடுமே!" என்று சகோதரி கேட்கலாம். நாம் பச்சைக் காய் தின்பதற்குச் சொல்லும் முக்கியமான காரணம் வைட்டமின் 'சி'. வேகவைத்தால் அது குறைந்துபோகிறது என்பது மெய்தான். ஆனால் நாய்க்கு அந்தக் கவலையே இல்லை. நமக்குத் தெரியாத வித்தை ஒன்று அதற்குத் தெரியும்: தனக்கு வேண்டிய வைட்டமின் 'சி'யைத் தன் ஈரலிலேயே தயாரித்துக்கொள்கிறது! காரட்டிலுள்ள மஞ்சள் சத்தை வைட்டமின் 'ஏ' ஆக மாற்றிக்கொள்ளவும் நாய்க்குத் தெரியும். (பூனைக்கு அது வராது.) அந்த மஞ்சள் சத்து, பச்சைத் துண்டில் இருந்து கிடைப்பதைவிட வெந்து மசிந்த காரட்டிலிருந்துதான் நன்றாகக் கிடைக்கிறது. ஆக, வைட்டமினுக்காகப் பச்சையாகக் கொடுக்கிறேன் என்பதற்கு நாய் விஷயத்தில் ஆதாரம் ஒன்றும் இல்லை.

"அது தானாகவே புல்லைத் தின்கிறதே?" என்று இன்னொரு கேள்வி வரும். வயிற்றுக் கோளாறுக்கு நாய் தானே வைத்தியம் செய்துகொள்கிறது என்று நம் பாட்டிமார்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். கலிபோர்னியாவில் மிருக வைத்திய ஆராய்ச்சியாளர்கள் நாய் வளர்ப்பவர்களிடம் விசாரித்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். புல் தின்பதற்கு முன்னால் உடம்பு சரியில்லாமல் இருந்த நாய்கள் மிகச் சிலவே. தின்ற பிறகு அடிக்கடி வாந்தி எடுத்தவையும் நாலில் ஒரு பங்குக்குக் குறைவுதான். ஏதோ அதற்கு ஓர் ஆசை, தின்கிறது. அதை வைத்துக்கொண்டு "இயற்கையே பச்சைக் காய் கேட்கிறது" என்று முடிவு கட்ட வேண்டாம்.

அப்படியானால் காயே கொடுக்கக் கூடாதா? தாராளமாகக் கொடுக்கலாம். காரட், பரங்கிக்காய், பீன்ஸ், சர்க்கரைவள்ளிக் கிழங்கு இவையெல்லாம் நல்லவை. தனியாகச் சமைக்கவும் வேண்டாம். வீட்டுக் கறிக்குக் காய் வேகும்போது, உப்பு, காரம், பெருங்காயம் எதுவும் சேர்ப்பதற்கு முன்னால், ஒரு கரண்டி எடுத்து ஆறவைத்து மசித்துவிட்டால் தீர்ந்தது. 3 கிலோ நாய்க்கு முதல் நாள் அரை டீஸ்பூன். வழக்கமான சாப்பாட்டோடு கலந்து. இரண்டு மூன்று நாள் பார்த்து, மலம் கெட்டியாக இருந்தால் மெதுவாக இரண்டு டீஸ்பூன் வரை போகலாம். ஒரே சமயத்தில் ஒரு காய்தான். நாலைக் கலந்து கொடுத்தால், ஒத்துக்கொள்ளாதது எது என்று எப்படித் தெரியும்? நாயின் நாள் சாப்பாட்டில் இந்த மாதிரி உபரிச் சமாசாரங்கள் எல்லாம் சேர்ந்து பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது மிருக வைத்தியர்கள் சொல்லும் அளவு.

பச்சையாகத்தான் கொடுப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு வெள்ளரிக்காய் இருக்கிறது. பெரும்பாலும் தண்ணீர்தான். நன்றாகக் கழுவித் தோல் சீவி, விதை எடுத்து, துருவிக் கொஞ்சம் கொடுக்கலாம். கசந்தால் எறிந்துவிடுங்கள். முட்டைக்கோஸும் காலிபிளவரும் வாயுப் பண்டங்கள். பச்சையாக வேண்டவே வேண்டாம். காரட்டை வட்ட வட்டமாக நறுக்கிப் போடுவது எல்லாவற்றிலும் மோசம். குட்டி நாயின் தொண்டைக்கு அந்த வட்டம் ஒரு மூடி மாதிரி பொருந்திவிடும். சோளக்கதிர் தின்ற பிறகு எஞ்சும் தக்கையை நாய்க்கு எட்டும்படி போடாதீர்கள். அது குடலில் போய் அடைத்துக்கொண்டால் கத்திதான் வழி. சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு பச்சையாக வாயில் பட்டால் நமக்கு எப்படி அரிக்குமோ அப்படியே அதற்கும் அரிக்கும். முளைவிட்டுப் பச்சை பாய்ந்த உருளைக்கிழங்கும், ஊறவைத்து வேகாத ராஜ்மாவும் ஆகாது.

வெங்காயத்தைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இங்கே பச்சை, வெந்தது என்ற வித்தியாசமே கிடையாது. வெங்காயம், பூண்டு, வெங்காயத் தாள் மூன்றிலும் உள்ள கந்தகச் சத்து நாயின் ரத்தத்திலுள்ள சிவப்பு அணுக்களைச் சிதைக்கிறது. வதக்கினாலும் போகாது, சாம்பாரில் கொதித்தாலும் போகாது, பொடி செய்தாலும் போகாது. நாயின் எடையில் 200-ல் ஒரு பங்கு வெங்காயம் உள்ளே போனாலே கெடுதல் என்று கண்டிருக்கிறார்கள். 3 கிலோ நாய்க்கு அது 15 கிராம், அதாவது இரண்டு மூன்று சின்ன வெங்காயம்! இதில் விபரீதம் என்னவென்றால், அன்றைக்கே ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் நாய் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், மூச்சு வாங்கும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். அதற்குள் வீட்டில் சாம்பார் சாதம் போட்டதை எல்லோரும் மறந்திருப்பார்கள். "மிச்சம் வீணாகிறதே" என்று வெங்காய சாம்பார் சாதத்தை நாய்த் தட்டில் கவிழ்க்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதைவிடக் குப்பைத் தொட்டி மேல். திராட்சையும் அப்படியே: பச்சைத் திராட்சை, பாயசத்தில் போடும் உலர்ந்த திராட்சை இரண்டும் சில நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுகின்றன. எந்த நாய்க்கு எத்தனை போதும் என்று நிர்ணயம் செய்ய முடியாததால், ஒன்றுகூட வேண்டாம். இவற்றைத் தின்றுவிட்டதென்று தெரிந்தால், ஏதாவது ஆகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காராமல் உடனே வைத்தியரிடம் போய்விடுவதுதான் விவேகம்.

இப்போது மாமியார் கட்சி. வயிறு கெட்டால் பட்டினி என்பது நமக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த வைத்தியம். வளர்ந்த, திடமான நாய் ஒரு வேளைச் சாப்பாட்டைத் தள்ளிவைத்தால் குடிமுழுகிப் போகாது. ஆனால் இரண்டு நாள் என்பது எந்த நாய்க்குமே அதிகம். குட்டிகளுக்கும், பொம்மை மாதிரி இருக்கும் சின்ன ஜாதிகளுக்கும் அது உயிருக்கே ஆபத்து. அவ்வளவு சிறிய உடம்பில் சர்க்கரைச் சேமிப்பு வெகு சொற்பம். சில மணி நேரம் வயிறு காய்ந்தாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, தள்ளாட்டம், நடுக்கம், கடைசியில் வலிப்பு என்று போய்விடும். அப்படிக் கண்டால் ஈறில் கொஞ்சம் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தடவிக்கொண்டு வைத்தியரிடம் ஓட வேண்டும். மயங்கிய நாயின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். மாமியாரின் அனுபவத்தில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த அனுபவம் 60 கிலோ மனிதர்களைப் பற்றியது.

ஒரு தடவை இளகிப் போயிற்று, ஆனால் நாய் வாலை ஆட்டுகிறது, தண்ணீர் குடிக்கிறது, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது என்றால் பயமில்லை. காய்கறிக் கிண்ணத்தை நிறுத்திவிட்டு, குழைய வடித்த சாதத்தில் தோலும் கொழுப்பும் இல்லாத கோழிக்கறியை வேகவைத்துப் பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து வேளையாகக் கொடுங்கள். புலால் புழங்காத வீட்டில் கொழுப்பு நீக்கிய பாலில் எடுத்த பன்னீர் போதும். நெய் ஒரு சொட்டும் வேண்டாம். சின்ன ஜாதி நாய்களில் சிலவற்றுக்குக் கொழுப்பு மிகுந்த பண்டத்தால் கணையமே வீங்கிவிடுவதுண்டு. பாலையும் நிறுத்திவையுங்கள். தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். நம் அலமாரியிலுள்ள காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை, பேதி மாத்திரை எதையும் உடைத்துக் கொடுக்காதீர்கள். குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கிற வசம்பும் இதற்கு வேண்டாம்.

இந்த நிலைமை ஒரு நாளைத் தாண்டினாலோ, இரண்டு மூன்று தடவை வாந்தி எடுத்தாலோ, தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலோ காத்திருக்கக் கூடாது. இரண்டு தோள்களுக்கும் நடுவிலுள்ள தோலை மெதுவாகத் தூக்கிவிட்டுப் பாருங்கள். உடனே இறங்காமல் கூடாரம் மாதிரி நின்றால் உடம்பில் நீர் வற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஈறு பிசுபிசுவென்றிருப்பதும் அதே அடையாளம். பெரிய நாய் ஒரு நாள் தாக்குப் பிடிக்கும் நஷ்டத்தைச் சின்ன நாயால் அரை நாள்கூடத் தாங்க முடியாது.

அந்தச் சிவப்பு விஷயத்தைச் சொல்கிறேன் என்றேனல்லவா என்று தேட வேண்டாம். சொல்லவில்லை, இப்போதுதான் சொல்கிறேன். பீட்ரூட் தின்ற நாயின் மலம் சிவப்பதுண்டு. ஆனால் பீட்ரூட்டை நிறுத்தி இரண்டு நாள் ஆன பிறகும் சிவப்பு இருந்தால் அது ரத்தம். சிவப்போடு வாந்தியோ சோர்வோ சேர்ந்திருந்தால் அந்த இரண்டு நாளும் காக்க வேண்டாம். கீல் மாதிரி கறுத்துப் போவதும் ரத்தந்தான், மேல்குடலிலிருந்து வருவது. நாலு வயதுப் பொமரேனியன் விஷயத்தில் இந்தச் சமாதானம் பலித்திருக்கலாம். இரண்டு மாதக் குட்டி விஷயத்தில் அது பலிக்காது.

தங்கை வீட்டுக் குட்டிக்கு வந்துவிட்டேன். குட்டிக்கு வாந்தியும், நாற்றமெடுத்த ரத்த பேதியும், தலை தூக்க முடியாத சோர்வும் வந்தால், "நேற்று காரட் தின்றது, அதனால்தான்" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வீடுகளில்தான் குட்டிகள் போய்விடுகின்றன. அது பெரும்பாலும் காரட் அல்ல; பார்வோ என்ற வைரஸ் வியாதி. 1978 வாக்கில் உலகத்தில் திடீரென்று தலைகாட்டி, ஒன்றிரண்டு வருஷத்துக்குள் எல்லாத் தேசங்களுக்கும் பரவிவிட்டது. ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையுள்ள குட்டிகளைத்தான் அதிகமாகப் பிடிக்கிறது. நோயுற்ற நாயின் மலத்தில் வெளிவந்து, மண்ணிலும் தரையிலும் மாதக் கணக்கில் சாகாமல் கிடக்கும். நம் செருப்போடு வீட்டுக்குள் வந்துவிடும். வைத்தியம் இல்லாமல் விட்டால் பத்தில் ஒன்று பிழைப்பது அரிது. முதல் நாளே ஆஸ்பத்திரியில் சேர்த்து, நரம்பு வழியே திரவம் ஏற்றிக் கவனித்தால் பெரும்பாலான குட்டிகள் பிழைத்துக்கொள்கின்றன. காரட்டின் மேல் பழியைப் போட்டு ஒரு நாளை இழப்பதற்கும் இழக்காமல் இருப்பதற்கும் நடுவில்தான் அதன் உயிர் இருக்கிறது.

ஆகவே தங்கை அவர்களே, குட்டி வந்ததும் கவனிக்க வேண்டியது காய்கறி அல்ல, தடுப்பூசி. ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவையாகப் பதினாறு வாரம் தாண்டும் வரை போட வேண்டும். ஒரு ஊசியோடு நிறுத்திவிட்டு "போட்டாயிற்று" என்று இருந்துவிடாதீர்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி சில குட்டிகளில் முதல் ஊசியைப் பலிக்க விடாது. அதற்காகத்தான் திரும்பத் திரும்பப் போடுவது. முடியும் வரை தெரு மண்ணில் இறக்க வேண்டாம். குட்டி இதற்கு முன் என்ன சாப்பிட்டு வந்ததோ அதையே முதல் வாரம் கொடுங்கள். மாற்றுவதானால் பழையதில் கொஞ்சம் குறைத்துப் புதியதில் கொஞ்சம் சேர்த்து, ஒரு வாரத்தில் மாற்றுங்கள். வேகவைத்த காயின் முறை அதற்கும் பிறகுதான்.

சென்னைவாசிகளுக்கு வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. பிற ஊர்க்காரர்கள் பக்கத்து மிருக வைத்தியர் யார், ராத்திரியில் கிடைப்பாரா என்று நாய் சௌக்கியமாக இருக்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது மலத்தில் கொஞ்சம் ஒரு டப்பியில் எடுத்துப் போங்கள். வாந்தியைக் கழுவித் துடைப்பதற்கு முன்னால் கைபேசியில் ஒரு படம் பிடித்துக்கொண்டால் வைத்தியருக்கு உபகாரமாக இருக்கும். முந்தின மூன்று நாளில் நாய்க்கு யார் யார் என்னென்ன கொடுத்தார்கள் என்று ஒரு சீட்டில் எழுதுங்கள். மேஜைக்கு மேலே நடந்ததை நீங்கள் எழுதிவிடலாம். மேஜைக்கு அடியில் நடந்தது வீட்டிலுள்ள ஐந்து வயதுப் பேர்வழிக்குத்தான் தெரிந்திருக்கும். மிரட்டாமல் கேளுங்கள், மிரட்டினால் சொல்லாது.